மழைக்காரியின் பாலம்

எங்கள் பட்டறையில் அவளை எல்லோரும் மழைக்காரி என்றுதான் கூப்பிடுவோம். ஜப்பானில் எந்தக் காலத்திலோ மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த இயற்கைக் காட்சிகளைப் பார்த்துப் பார்த்துக் கையால் வரைந்து விற்கிற இடம் அது. பனிமலை, பாலம், படகு, பைன் மரம். ஹோட்டல் வரவேற்பறைக்கும் பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்கும் போகும். ஒரு படத்தை ஒருவரே முடிப்பதில்லை. ஒருவர் கோடு போடுவார், எனக்கு மரமும் கூரையும், அவளுக்கு மழை. முடி போன்ற பிரஷ்ஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ஸ்கேலைத் தொடவே மாட்டாள். அவள் முடித்த படங்கள் காய்கிற பக்கம் போனால் ஜலதோஷம் பிடிக்கும் என்று கேலி செய்வோம்.

அவள் வீட்டுக்காரருக்கு வானம். உச்சியில் அடர் நீலமாகத் தொடங்கி, ஈரப் பிரஷ்ஷால் இழுத்து இழுத்து, கீழே வரும்போது இருந்த இடம் தெரியாமல் கரைத்துவிடுவார். கெட்டிக்காரர். மூக்குக்கு மேல் கோபமும் வரும். "வானம் இடிச்சாதானே மழை" என்பார் கோடு போடுகிறவர். அவளும் சிரிப்பாள்.

ஒரே மகள். படிப்பு முடிந்ததும் வேறு ஊரில் வேலை கிடைத்தது. அப்பா போகக் கூடாதென்றார். பெண் கேட்கவில்லை. "வாசலைத் தாண்டினா அப்படியே போயிடு. திரும்பி வராதே" என்று கத்தினார். ஆத்திரத்தில் வாயில் வந்ததுதான். ஆனால் அவருக்குப் பிறந்தவள் ஆயிற்றே, அப்படியே செய்தாள். கொட்டுகிற மழையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தண்டவாளத்துக்கு மேலே போகும் நடைபாலத்தில் ஏறிப் போனாள். சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியிருக்கலாம். ஹாலில் அவர் உட்கார்ந்திருந்தார். ஓடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அதை வரைந்தாள். பட்டறையில் ஒதுக்கிப் போட்ட காகிதம், வீட்டுச் சாப்பாட்டு மேஜை. கைக்கு வேறு பாணி தெரியாது. இரும்புப் பாலம் மரப்பாலமாயிற்று, பெட்டி மூட்டையாயிற்று. நடுவில் ஒரு பெண், முதுகு மட்டும். மீதியெல்லாம் மழை. வேறு யார் கையும் படாமல் அவள் முழுசாக முடித்த ஒரே படம் அதுதான். மேஜைக்கு எதிர்ச் சுவரில் மாட்டினாள்.

ஒரு நாள் ஆணி மட்டும் இருந்தது. வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, "சுவர் ஓதம் அடிக்குது, கழட்டி வச்சிருக்கேன்" என்றார். நம்பிவிட்டாள்.

அடுத்த வாரம் பட்டறையில், நாங்கள் பார்த்து வரையும் படங்களை மாட்டுகிற மாதிரிப் பலகையில் அதைப் பார்த்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் போட்ட அதே காகிதம். அவளுடைய மழையின் மேலேயே ஒரு பனிமலையை எழுப்பியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆண், அவள் தலைக்குக் குடை பிடித்தபடி. கீழே 'மழையில் பாலம். பழைய ஜப்பானிய ஓவியம்' என்று ஒட்டியிருந்தது.

முதலாளி வாயெல்லாம் பல்லாக வந்தார். "உங்க வீட்டுக்காரர்தாம்மா கொண்டாந்து குடுத்தாரு. அருமையான படம். மலை இல்லாம ஜப்பான்னு சொன்னா எவன் நம்புவான்? அதான் ஒண்ணு வச்சோம். அப்புறம் அந்தப் பொண்ணு ஒத்தையா நின்னுச்சு, பாத்தா அழுகை வருது. ஜோடியா இருந்தா ஹோட்டல்காரங்க எடுப்பாங்க."

"என் பேரு?"

"நம்ம ஆள் போட்டதுன்னா யாரும்மா மதிப்பாங்க?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டிருக்கிறாள். "அது யாருன்னு தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"தெரிஞ்சதாலதான் குடுத்தேன். தினம் அவ முதுகப் பாத்துக்கிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கல."

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே."

மறுநாள் என்னிடம் சொன்னாள்: "அவருக்கும் வலிச்சிருக்கு, பாரு. அது தெரியாம இருந்திருந்தா, வெறுக்கவாவது சுலபமா இருந்திருக்கும்."

படம் சக்கைப்போடு போட்டது. அவரை மேற்பார்வைக்கு உயர்த்தினார்கள். மழைக்காரி போட்ட பிரதி ஒன்றை எல்லோர் முன்னாலும் அவர் திருப்பிக் கொடுத்தார். "குடைக்கு அடியிலயும் மழை விழுது. அந்தப் பொண்ணு நனையக் கூடாது. மாதிரியப் பாத்துப் போடு." சொல்லும்போது தலையை நிமிர்த்தவில்லை. அவள் வாங்கிக்கொண்டாள். புதுக் காகிதத்தில், பெண் நனையாமல், போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ போட்டாள்.

மகள் அப்பா இல்லாத நேரம் பார்த்துத்தான் போன் செய்வாள். ஒரு தடவை சொன்னாள்: "எங்க ஆபீஸ்ல புதுசா ஒரு படம் மாட்டிருக்காங்கம்மா. பாலம், மழை, ஒரே குடையில ரெண்டு பேரு. உங்க பட்டறைதானா?"

"இருக்கும்."

"எல்லாரும் அழகுன்னு சொல்றாங்க. எனக்குப் பாத்தாலே எரிச்சலா வருது. நிஜத்துல யாரும்மா வந்து குடை பிடிக்கறாங்க?"

'அது நீதான்டி' என்று தொண்டை வரைக்கும் வந்ததாம். "எப்படிச் சொல்லுவேன்?" என்று என்னைக் கேட்டாள். "நனைஞ்சு போனவளுக்குப் படத்துல குடை பிடிச்சோம்னு சொல்லவா?" பெண்ணிடம், "பழைய படம்டி, யாரோ போட்டது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இனிமேல் மழை போட முடியாது, கை நடுங்குகிறது என்று முதலாளியிடம் சொன்னாள். கை நடுங்கவில்லை என்று எனக்குத் தெரியும். இப்போது பாறையும் கரையும் போடுகிறாள். மழைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், ஸ்கேல் வைத்து இழுக்கிறாள். வாங்குகிறவர்கள் யாரும் வித்தியாசம் சொல்லவில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பஸ்ஸில்தான் வருகிறார்கள், ஒரே பஸ்ஸில்தான் திரும்புகிறார்கள். மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், இவள் பிரஷ் கழுவ எழுந்து போய்விடுவாள். அவர் தனியாகச் சாப்பிட்டு முடிக்கும் வரை குழாய் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.