வீரபாண்டிக்கு விரதத்தோடு போகிறவர்களுக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷச் சித்திரையில் வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனேன். பக்தியெல்லாம் ஒன்றுமில்லை. தேனி கடைவீதியில் பருத்தி வியாபாரம் பார்த்த என் மச்சான், அதாவது அக்காள் கணவர், தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. துணைக்கு வரச்சொல்லி அக்காள் ஆள் அனுப்பியிருந்தாள்.

மதுரையிலிருந்து காலை ரயில். ஏறக்குறைய ஐம்பது மைல்தான். ஆனால் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுவதற்குள் நமக்கே மூச்சு வாங்கும். பலகை சுடும், துண்டு விரித்து உட்காருங்கள். தேனியிலிருந்து வீரபாண்டி ஐந்து மைல். பஸ் உண்டு, மாட்டுவண்டி உண்டு. விரதக்காரர்கள் நடப்பார்கள்.

மறுநாள் விடிந்ததும் மச்சான் வழக்கம்போல இன்சுலின் ஊசியைத் தொடையில் குத்திக்கொண்டார். ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். இலை போடக் காணோமே என்று கேட்டேன்.

"சட்டி எறக்குற வரைக்கும் பச்சத்தண்ணிதான் மாப்ள. ஊசி என்ன வாய் வழியாவா போகுது? விரதம் கெடாது."

"பட்டினி கெடந்தா சக்கரை எறங்கும்ல. ஊசியும் போட்டா இன்னும் நல்லதுதான?" என்றாள் அக்காள். அந்தக் கடைவீதியில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

வீரபாண்டி போய் முல்லையாற்றில் குளித்துச் சட்டியை ஏந்தினார். கோயிலை நெருங்கும்போது வியர்வை கொட்டியது, கை நடுங்கியது. சட்டியை ஒருவர் வாங்கிக்கொண்டார். மச்சான் கண் செருகி ஏதோ உளறினார்.

"சாமி வந்திருச்சு, யாரும் தொடாதீக" என்றார் பக்கத்தில் நின்றவர். பெண்கள் காலில் விழுந்தார்கள். ஒருத்தி குறி கேட்டாள்: "ஆத்தா, எம்மகளுக்கு எப்பக் கல்யாணம் கூடும்?"

"பசிக்குது" என்றார் மச்சான்.

ஆத்தாளுக்குப் பசிக்கிறதாம் என்று பொங்கல் பானையைச் சன்னதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் பந்தலில் ஒரு சொம்பு பானக்கம் வாங்கி அவர் வாயருகே கொண்டுபோனேன். அக்காளே தட்டிவிட்டாள். "சாமி நிக்கிற ஒடம்புடா. விரதத்த முறிச்சுக் குத்தமாக்கிறாத."

கொஞ்ச நேரத்தில் விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது. வண்டியில் போட்டுத் தேனியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

சாதாரண உடம்பு பட்டினி கிடந்தால், தானே சுரக்கும் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளுமாம். ஈரல் சேர்த்துவைத்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் விடுமாம். "ஊசியில போன மருந்துக்கு இன்னைக்கு விரதம்னு தெரியாதுங்க. இருக்குற சக்கரையையும் எறக்கிரும்" என்றார் அங்கிருந்த டாக்டர். அந்த ஒரு சொம்பு பானக்கம் போதுமாயிருந்திருக்கும் என்றும் சொன்னார்.

வீரபாண்டிக்குப் போய் வாருங்கள், நல்ல ஊர், நல்ல ஆறு. ஊசி போடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்காதீர்கள். மடியில் வெல்லக்கட்டி இருக்கட்டும். அப்படிப்பட்டவர் வியர்த்து நடுங்கி உளறினால், விழுங்க முடிகிறபோதே வாயில் வெல்லத்தைப் போடுங்கள். குற்றம் குறை இருந்தால் பிறகு சாமியிடம் பேசிக்கொள்ளலாம்.

அக்காள் வருஷம் தவறாமல் போய், அன்று பசி என்று கேட்ட ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்கிறாள். கேட்டது அவள் புருஷன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.