நாற்பத்தொரு விநாடி இழுத்த கயிறு

நீங்கள் நம்பப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் ஜின் பிடித்தது, ஓதிப் பார்த்தது என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிற ஆள் நான். படித்தது கம்ப்யூட்டர், வேலை புரோகிராம் எழுதுவது, எது தப்பாக நடந்தாலும் எங்கோ ஒரு வரி காரணமாக இருக்கும், உட்கார்ந்து தேடினால் கிடைத்துவிடும் என்று இருந்தவள். அல்லாஹ் சாட்சியாகச் சொல்கிறேன், இதற்கு மட்டும் அந்த வரி கிடைக்கவில்லை. ஆனால் இதை நினைத்தால் எனக்குப் பயம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது, ஏன் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாயிரத்து ஆறில் நடந்தது. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கிற ஒரு ஆலை, பெயர் வேண்டாம். கல்லைச் சுமந்து போகிற நீளமான பெல்ட்டை ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தது. அது கெட்டுப்போனால் மாற்ற உதிரிபாகமே கிடைக்காது. அதனால் பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு புரோகிராம் எழுதி, பழைய மென்பொருளை அதற்குள் ஓட விட்டு ஏமாற்றுவது என்று முடிவு செய்தார்கள். எமுலேட்டர் என்போம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இருந்த எங்கள் சின்ன ஆபீஸுக்கு அந்த வேலை வந்தது, அதில் பெல்ட்டின் ஆபத்துக் கயிறுகளைக் கவனிக்கும் சர்க்யூட் அட்டையைப் போலிசெய்கிற பகுதி எனக்கு.

பெல்ட்டின் இரண்டு ஓரமும் நெடுக கயிறு போகும், இடத்துக்கு ஒன்றாகப் பத்துத் துண்டு. ஆபத்து என்றால் எங்கே நிற்கிறோமோ அங்கேயே அதை இழுக்கலாம், பெல்ட் நின்றுவிட வேண்டும். அதை நேராக மோட்டாரோடு அல்லவா இணைக்க வேண்டும், அந்த ஆலையில் சிக்கனம் பார்த்து கம்ப்யூட்டர் வழியாக விட்டிருந்தார்கள். கயிறு இழுபட்டால் அட்டை கம்ப்யூட்டரைக் கூப்பிடும், கம்ப்யூட்டர் பெல்ட்டை நிறுத்தும். அந்தக் கூப்பிடுதலைத்தான் இண்டரப்ட் என்கிறோம். காலிங் பெல் மாதிரிதான்.

என் எமுலேட்டரில் என்ன பிரச்சினை என்றால், அட்டையை ஒருமுறை ரீசெட் செய்துவிட்டால், அதாவது அணைத்துப் போட்டதுபோல் புதிதாகத் தொடங்க வைத்தால், பிறகு கொஞ்ச நேரத்துக்கு அந்த பெல் அடிக்கவே இல்லை. ஐந்து நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஆறாம் நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல், பத்துக் கயிறுகளின் நிலையையும் விநாடிக்கு ஒருமுறை கோப்பில் எழுதும்படி செய்துவிட்டுப் பார்த்தால், ரீசெட் ஆகிற நொடியிலேயே மூன்றாம் கயிறு இழுபட்டிருந்தது.

யார் இழுத்தது? அங்கே கயிறே கிடையாது. என் மேஜையில் இருந்தது ஒரு கம்ப்யூட்டர், அதிலிருந்து ஆலைக்கு ஒரு ஒயர்கூடப் போகவில்லை. என் புரோகிராமில் கயிறு இழுபட வேண்டுமானால் நான் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். என் இரண்டு கையும் என் மடியில் இருந்தன.

என் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். நினைவகத்தில் மூன்றாம் கயிற்றின் நிலை இருக்கும் இடத்தில் எந்த வரி எழுதினாலும் உடனே நின்று காட்டிக்கொடுக்கும்படி பொறி வைத்தேன், எந்த வரியும் சிக்கவில்லை. வேறு கம்ப்யூட்டரில் ஓட்டினேன், அங்கேயும் அதே மூன்றாம் கயிறு. சரியாக நாற்பத்தொரு விநாடி இழுபட்டிருக்கும், பிறகு விடுபடும். கடைசியாக, இழுபட்டவுடன் புரோகிராமையே நிறுத்தி வைத்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை, எழுத ஆள் இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பத்தொன்றாவது விநாடியில், இழுபட்டதைக் காட்டும் ஒன்று என்ற எண் திரையில் பூஜ்யமாக மாறியது. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே போய் படிக்கட்டில் நின்றேன். கீழே ஜெயங்கொண்டம் பஸ் ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது, பட்டப்பகல்.

ஆலையில் எனக்குப் பழக்கமான ஒரே ஆள் மின்சாரப் பிரிவு ஃபோர்மேன் தங்கராசு அண்ணன். போன் போட்டு, "அண்ணே, மூணாம் கயிறுன்னா எந்த எடம்?" என்று கேட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை.

"அத எதுக்கும்மா கேக்குற?" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அதன் பிறகுதான் ராஜமாணிக்கம் என்ற பெயரை முதல்முதலாகக் கேட்டேன். விக்கிரமங்கலத்துக்காரர், பெல்ட் ஆபரேட்டர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மதியம் மூன்றாம் கயிற்றுப் பக்கத்தில் கால் பெல்ட்டில் சிக்கி உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. தனியாக இருந்தார் என்று விசாரணையில் எழுதினார்கள். கயிறு இழுபட்டதாகக் கம்ப்யூட்டரில் பதிவு இல்லை. அதனால் தூங்கி விழுந்திருக்கிறார், தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள்.

"கயித்தப் புடிச்சாப்லதாம்மா கெடந்தான்," என்றார் தங்கராசு அண்ணன். "நாந்தான் மெயின அமத்திட்டு வெரல ஒண்ணொண்ணா பிரிச்சேன். சொன்னேன். வுழும்போது புடிச்சிருப்பான்னுட்டாங்க."

எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. காலிங் பெல்லையே யோசித்துப் பாருங்கள். வீட்டில் கரண்ட் போய் வருகிற அந்த நொடியில் ஒருவர் வந்து பெல்லை அழுத்துகிறார், அழுத்திய கையை எடுக்கவே இல்லை. அந்த பெல், புதிதாக அழுத்தினால்தான் அடிக்கும் என்று செய்யப்பட்டிருந்தால், கரண்ட் வந்த பிறகும் அடிக்காது. உள்ளே இருப்பவன் யாரும் வரவில்லை என்று எழுதி வைத்துக்கொள்வான். என் எமுலேட்டரில் தப்பே இல்லை, அது பழைய அட்டையை அப்படியே போலிசெய்திருந்தது. பெல்ட் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கே போய், உண்மையான அட்டையை ரீசெட் செய்து, அந்தச் சமயத்தில் தங்கராசு அண்ணனைக் கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். பதிவில் ஒன்றும் விழவில்லை. பிறகு பழைய பதிவுகளில் அந்த நாளைத் தேடி எடுத்தேன். மின்சாரம் தாழ்ந்ததால் அட்டை ரீசெட் என்று ஒரு வரி. நாற்பத்து மூன்று விநாடி கழித்து மோட்டாருக்கு மின்சாரம் இல்லை என்று அடுத்த வரி. அவர் கை தளர்ந்து இரண்டு விநாடி கழித்து அண்ணன் மெயினை அமர்த்தியிருக்கிறார், விரல்கள் மட்டும் கயிற்றிலேயே மடங்கிக் கிடந்திருக்கின்றன. இரண்டு வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது, ஒருத்தர் திறந்து பார்க்கவில்லை.

அறிக்கை எழுதிக் கொண்டுபோய் மேனேஜரிடம் கொடுத்தேன். கயிறு தானாக இழுபட்டதை எழுதவில்லை, எனக்கு அவ்வளவு புத்தி இருந்தது. அவர் நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு மூன்றாம் பக்கத்தை மட்டும் உருவி என்னிடமே நீட்டினார்.

"இது நீங்க எழுதுன எமுலேட்டர்ல இருக்குற பிழை மேடம். சரி பண்ணிட்டு, இந்தப் பக்கம் இல்லாம கொடுத்துடுங்க."

"சார், நெஜ அட்டையில செஞ்சு பாத்தாச்சு."

"அதுக்கு யாரு உங்களுக்குப் பெர்மிஷன் குடுத்தது?"

நம்பினால் நம்புங்கள், செத்துப்போன மனிதரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். ஒரு மனிதன் உயிர் போகிற வரை கையை எடுக்காமல் பிடித்திருக்கிறான், இவர்கள் அவனைத் தூங்குமூஞ்சி என்று எழுதி மேலே சீல் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் விக்கிரமங்கலம் போனேன். ராஜமாணிக்கத்தின் மனைவி செல்வி அக்கா நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து நின்று கேட்டார். எல்லாப் பக்கமும் நகல் கொடுத்து, எங்கே மனு எழுத வேண்டும் என்று சொன்னேன். அவர் அழவில்லை.

"எனக்கு வேற எதுவும் வேணாம் தாயி," என்றார். "எம்புள்ளய பள்ளிக்கூடத்துல, ஒங்கப்பன் தூங்கிச் செத்தவன்னு ஒருத்தன் சொல்லிட்டான். அந்த எழுத்த மட்டும் அழிக்கச் சொல்லு."

அழிந்தது, ஒன்றரை வருஷம் அலைந்த பிறகு. விசாரணை மறுபடி நடந்தது, நான் போய்ச் சாட்சி சொன்னேன், கவனக்குறைவு என்ற வார்த்தையை எடுத்தார்கள், கயிறுகளை நேராக மோட்டாரோடு இணைத்தார்கள். அந்த வேலை எங்கள் ஆபீஸை விட்டுப் போனது, ஆபீஸ் என்னை விட்டது, போகட்டும். மூன்றாம் கயிறு ஏன் இழுபட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லியே இருக்க மாட்டேன். போன நோன்புக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்யும்போது என் எமுலேட்டர் அந்த மதியம் எழுதிய பதிவுகளின் அச்சுத்தாள் கட்டு கையில் கிடைத்தது. அப்போதெல்லாம் நான் மூன்றாம் வரிசையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை கண் தள்ளிப் போய் ஏழாம் வரிசையில் நின்றது. மூன்றாம் கயிறு இழுபட்டுப் பன்னிரண்டு விநாடி கழித்து ஏழாம் கயிறும் நான்கு விநாடி இழுபட்டு விடுபட்டிருந்தது. ஒவ்வொரு தாளிலும் அப்படியே. எல்லாக் கயிற்றுக்கும் ஒரே பெல் என்பதால், மூன்றாவதைப் பிடித்திருக்கும் வரை அதுவும் கேட்டிருக்காது. ஏழாம் கயிறு பெல்ட்டின் எதிர்ப்பக்கம், மூன்றாவதற்கு நேர் எதிரே.

தங்கராசு அண்ணன் ஓய்வு பெற்று தா.பழூரில் இருக்கிறார். போன் போட்டு நலம் விசாரித்துவிட்டு, "ராஜமாணிக்கம் எறந்த அன்னிக்கி ஏழாம் கயித்துப் பக்கம் யாருக்குண்ணே டூட்டி?" என்றேன்.

"அந்தப் பக்கம் யாரும் இல்லம்மா," என்றார். நான் போனை வைக்கப் போகும்போது அவரே சொன்னார், "நான் அப்ப கேண்டீன்ல இருந்தேன்."

அவர் எங்கே இருந்தார் என்று நான் கேட்கவே இல்லை.