ஆறு முறை சொன்ன ‘வாங்க’

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுக் கட்டுரை எழுதினால் ஒரே சொல் ஒரு பக்கத்தில் இரண்டு முறை வரக்கூடாது. வந்தால் பிரெஞ்சு டீச்சர் மதாம் சிவப்பு மையில் கோடு போட்டுவிடுவார். அந்தப் பழக்கம் எனக்குத் தமிழிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு சொல்லுக்கு நாலு மாற்றுச் சொல் கைவசம் வைத்திருப்பேன். அதில் எனக்குத் தலைகால் புரியாத கர்வம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் புருஷன் சிப்பாய்; எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தோடு கடல் தாண்டி இருந்தார். இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய பிறகும் அப்படி அங்கேயே தங்கிவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர். அவருக்கு அக்காவின் கடிதங்களை நான்தான் எழுதுவேன்.

ஒருநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னிடம் வந்தாள். மாமியார் சாகக் கிடந்தார்.

“எழுது தங்கச்சி. ஒடனே வாங்க. அம்மா ஒங்களத்தான் தேடுறாங்க, வாங்க. டாக்டரு கைய விரிச்சிட்டாரு, வாங்க...”

அழுதுகொண்டே ஆறு முறை ‘வாங்க’ சொன்னாள். சிவப்பு மைப் பயத்தில் எண்ணியவள் நான்தான்.

‘தங்கள் வருகையை எதிர்நோக்குகிறோம்’ என்று தொடங்கினேன். பிறகு ‘தாயகம் திரும்பினால் மகிழ்வோம்’, ‘நேரில் காணக் காத்திருக்கிறோம்’. டாக்டர் கையை விரித்தது ‘உடல்நிலை திருப்திகரமாக இல்லை’ என்று ஆனது. எழுதி முடித்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

“வாங்கன்னு அழுத்திப் போட்டியா?”

“போட்டாச்சுக்கா.”

அவர் வந்தபோது அடக்கம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வந்த அன்றே வீட்டுக்குள் சத்தம். என்னையும் கூப்பிட்டார்கள்.

“எங்கம்மா சாவக் கெடக்குறாங்க, வாங்கன்னு ஒரு வார்த்த எழுதச் சொல்லக் கூடாதா நீ? வழக்கமா எழுதுற லெட்டருன்னு நெனச்சேன்.”

“ஆறு தடவ சொன்னேங்க! தங்கச்சியக் கேளுங்க.”

அவர் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தார். தன் கடிதத்தை அக்கா அன்றுதான் காதால் கேட்டாள். ஒவ்வொரு வரி முடியும்போதும், இதோ வந்துவிடும் என்பது போல் தலையை ஆட்டினாள். ‘இப்படிக்கு’ வந்துவிட்டது.

“அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க, அங்க இருக்கும்,” என்றாள்.

அவர் திருப்பினார். அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.