ஒரு சுவருக்கு இரண்டு வீடு

டக், டக். சின்ன இடைவெளி. மறுபடி ஒரு டக்.

பலகைச் சுவரில் விரல் முட்டி படும் ஓசை எங்கே கேட்டாலும் என் கை செய்யும் வேலையை விட்டுவிடுகிறது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில் ஒவ்வொரு விடியலும் அந்த ஓசையில்தான் தொடங்கும். அக்கா தட்டுவார்கள். பக்கத்து அறையிலிருந்து பதில் தட்டு வரும். அதன் பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார்கள். "எதுக்குக்கா தட்டுற?" என்றால், "ஆள் இருக்கான்னு பாக்கணும்ல" என்பார்கள். அவ்வளவுதான்.

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும், அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்பதைத் தங்கையாகிய நான் சொல்லியாக வேண்டும்.

அக்கா பிறந்தது இலங்கையில், கண்டிச் சீமையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் ஒரே நீளக் கூரை. அதன் கீழே வரிசையாக ஒற்றைக் காம்பரா வீடுகள்; காம்பரா என்றால் அறை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே ஒரு சுவர். நெருப்பு வேண்டுமா, உப்பு வேண்டுமா, பிள்ளைக்குக் காய்ச்சலா, சுவரைத் தட்டினால் போதும். அம்மா போன பிறகு என்னை இடுப்பிலும் கொழுந்துக் கூடையை முதுகிலும் சுமந்தவர்கள் அக்கா. அத்தானை அந்த மண்ணிலேயே புதைத்துவிட்டு, எழுபதுகளில், எங்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி ஒரு கப்பலில், இரண்டு பெயர் எழுதிய ஒரே குடும்ப அட்டையோடு வந்து இறங்கினோம். அங்கே எங்களுக்கு இந்தியாக்காரர் என்று பெயர். இங்கே சிலோன்காரர். கொடைக்கானல் மலையில் மரப்பட்டை உரித்தோம், முட்டைக்கோசுக்குக் களை எடுத்தோம், குளிரில் விரல் வெடித்தது. கொழுந்து பறித்த அந்தக் கைகள் கடைசிவரை தேநீரைத் தொடவில்லை. "அதப் பாத்தே அலுத்துப் போச்சு, காப்பி போடு" என்பார்கள். கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார்கள். அதையும் எழுதிவிடுகிறேன்; மறைத்தால் அக்காவே சிரிப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாயுடுபுரத்துத் தையல் வகுப்பில் ஒரு பெரிய துணிப்படம் செய்வதென்று முடிவானது. மலையிலும் அடிவாரத்திலும் இருந்து வந்த பெண்கள், 'வீடு என்றால் எனக்கு எது' என்பதை ஆளுக்கு ஒரு முழத் துணியில் தைக்க வேண்டும். டீச்சர் எல்லாவற்றையும் இணைத்து, சீசனுக்கு வருகிறவர்கள் பார்க்கும்படி ஹாலில் தொங்கவிடுவார்கள். இந்த ஊரில் அக்காவிடம் அட்டையைக் கேட்காமல் வீட்டைக் கேட்டது அந்தத் துணி ஒன்றுதான். அந்த வரிசையில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார்கள். அவர்கள் ஒன்றுக்கு ஆசைப்பட்டு நான் பார்த்தது அபூர்வம்.

தைத்ததை டீச்சர் விரித்துப் பார்த்தார்கள். தகரக் கூரை துணியின் இடது விளிம்பில் தொடங்கி வலது விளிம்பு வரை ஓடியது. நடுவே ஒரு கதவு, கொஞ்சம் புகை. பக்கச் சுவர்கள் இல்லை.

"ஓரத்துல ஒரு இஞ்ச் விடச் சொன்னேனேம்மா. ஜாயின்ட் பண்ணும்போது உள்ள மடங்கிரும், கூரையும் சேந்து போயிரும். செவரு வேற காணோமே?"

"செவரு தனியா கெடையாதுங்க டீச்சர். பக்கத்து வீட்டுக்காரவுங்க தைச்சா வந்துரும்."

வகுப்பே சிரித்தது. அடிவாரத்துப் பாலசமுத்திரத்தில் தோட்டம் வைத்திருந்த ராசாத்தி, "ஏன், சிலோன்ல செவத்தையும் ரேஷன்லதான் குடுப்பாகளோ?" என்றார்.

டீச்சர் புதுத் துணி ஒன்றை நீட்டினார்கள். "ரெண்டு பக்கமும் செவரு வச்சு வெரசா தைச்சுக் குடுங்க. இல்லாட்டி சேக்க முடியாது."

அக்கா வாங்கவில்லை. "இல்லாத செவத்த எப்படிங்க தைக்கிறது? சேக்க முடியலேன்னா இருக்கட்டும்." துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. "ரெண்டு கோடு இழுத்தா கொறஞ்சா போயிருவ?" என்று முணுமுணுத்தேன். அதற்கு அக்கா பார்த்த பார்வை இன்னும் என் மேல்தான் இருக்கிறது.

கதவருகே அவர்களை நிறுத்தியவர் ஜொகராம்மா. பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மனைவி. தன் துணியில் அந்தக் கடையைத்தான் தைத்திருந்தார்.

"நில்லுங்க. எங்க கடைக்கும் அடுத்த கடைக்கும் ஒரே செவருதான். நான் விட்ட ஒரு இஞ்ச் சும்மாதான கெடக்கு? அத மடக்க வேணாம். அது மேல உங்க ஓரத்த வச்சு, கெட்டி நூல்ல நெருக்கித் தைச்சா, அந்தத் தையலே செவரு."

டீச்சர் இரண்டு துணியையும் மேசைமேல் சேர்த்து வைத்தார்கள். கூரை இம்மியும் குறையவில்லை. "சரி, இந்தப் பக்கம் ஆச்சு. அந்தப் பக்கம்?"

மற்றவர்கள் அவரவர் துணியை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

மறுநாள் ராசாத்தி வந்தார், தன் துணியோடு. "எங்க வீடு தோட்டத்துக்கு நடுவுல தனியா நிக்குது. அதுக்கு யாரு செவரும் வேணாம். ஆனா மாட்டுக் கொட்டத்துக்கு ஒரு பக்கம் செவரு இல்லாம கெடக்கு. ஒங்க செவத்துல சாச்சுக்கிடவா?"

"மாடு கத்துமே?"

"கத்துனா செவத்தத் தட்டுங்க, அதட்டுறேன்."

கப்பலை விட்டு இறங்கியபின் அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். மூவரும் அருகருகே குனிந்து, பழுப்பு நூலில் அந்த இரண்டு சுவர்களையும் எழுப்பினார்கள். அதைப் பார்த்து வேறு சிலரும் ஓரத்தை மடக்காமல் கொண்டுவந்தார்கள். கடையும் கொட்டமும் குடிசையும் பங்களாவும் கூரையோடு கூரை முட்டிக்கொண்டு ஹாலில் தொங்கின. வெளியூர்க்காரர் ஒருவர், "இதுல உங்க வீடு எதும்மா?" என்று கேட்டார். அக்கா ஒரு கையை ஜவுளிக்கடையிலும் மறு கையை மாட்டுக் கொட்டத்திலும் எட்டி வைத்து, "இந்தா, இது முச்சூடும்" என்றார்கள்.

"மாடு மட்டும் என்னோடது" என்றார் ராசாத்தி பின்னாலிருந்து.

என் அக்கா, துணியில் மட்டுமா அப்படி வாழ்ந்தார்கள்! பலகைக்கு அந்தப்புறம் யார் குடிவந்தாலும் முதல் விடியலிலேயே தட்டப் பழக்கிவிடுவார்கள்.

போன வருடம் பழனி ஆஸ்பத்திரியில் அக்கா படுத்திருந்தபோது தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய ஜொகராம்மா குடும்பத்துக்கும், பாலோடு வந்து வாசலிலேயே நின்று அழுத ராசாத்திக்கும், அக்காவை மலைக்குக் கொண்டுவந்து சேர்த்து, இறுதிவரை தோள் கொடுத்த நாயுடுபுரத்துப் பிள்ளைகளுக்கும் என் கைகூப்பு. இன்னொருவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. அடுத்த அறையில் படுத்திருந்த நோயாளி.

கடைசி நாள் காலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அக்கா போய்விட்டார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், பார்வை நேரம் முடிந்தது, கிளம்புங்கள் என்று நர்ஸ் வந்து நின்றார். நான் நகரவில்லை. அக்கா மெதுவாகக் கையைத் தூக்கித் தலைமாட்டுச் சுவரில் தட்டினார்கள். சற்றுப் பொறுத்து, அந்தப் பக்கமிருந்து டக், டக். அக்காவின் முகம் தெளிந்தது.

"ஆள் இருக்கு. நீ போயிட்டு வெள்ளனே வா."