கடைசி பெஞ்சுக்கு விண்ணப்பம் கிடையாதாம்

என் நாத்தனார் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை. அந்த மேஜையின் ஓரத்தில்தான் அவள் மகள் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். பாடத்தில் நாத்தனாருக்கு ஒன்றும் விளங்காது. அதற்காகச் சும்மா இருப்பவளா? மாதிரித் தேர்வுக்கான சரியான விடைத்தாளை அட்டை மேல் வைத்து, விடை வட்டங்களில் மட்டும் ஓட்டை போட்டுவிடுவாள். மகள் எழுதிய தாளின் மேல் அட்டையை வைப்பாள். ஓட்டையில் கறுப்பு தெரிந்தால் சரி, வெள்ளை தெரிந்தால் தப்பு. வாரத்துக்கு ஓர் அட்டை. நூற்றுக்கு முப்பத்தெட்டில் தொடங்கிய பெண் அறுபத்தொன்றுக்கு வந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தாள்.

மகள் போகும் பயிற்சி நிலையத்துக்கு அறுபத்தொன்று போதவில்லை. அங்கே மதிப்பெண் வரிசைப்படிதான் உட்கார வைப்பார்கள். இவள் கடைசி பெஞ்ச்.

போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் மேனேஜர் ஒரு தாளை நீட்டினான். "சும்மா ஃபார்மாலிட்டிம்மா." நாத்தனார் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். என் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்து, "சீக்கிரம் போட்டுட்டு வா, கால் வலிக்குது" என்று விரட்டியவள் நான்தான்.

நேற்று விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஐந்து மணிக்கு முடிகிறது. முன் பெஞ்சுப் பிள்ளைகளுக்கெல்லாம் நிலையமே விண்ணப்பித்து எண் வாங்கித் தந்துவிட்டது. இவளுக்கு வரவில்லை. மூன்றரைக்கு மூன்று பேரும் போய் நின்றோம்.

"இந்த வருஷம் எழுதலைன்னு நீங்கதானேம்மா கையெழுத்து போட்டீங்க?" என்றான் மேனேஜர்.

"எழுதலைன்னு யாருய்யா சொன்னது?"

"கடைசி பெஞ்சு ஃபெயிலானா வாசல் போர்டுல நூத்துக்கு நூறு பாஸ்னு எப்படிப் போடறது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் போர்டு பளபளக்க எங்க பொண்ணு ஒரு வருஷம் வீட்ல உக்காரணுமா?"

"நீங்க யாரு?"

"அவ அத்தை. கால்ல செருப்போடதான் வந்திருக்கேன்."

"அண்ணி, சும்மா இருங்க" என்றாள் நாத்தனார். "சேரும்போது வாங்கி வெச்ச என் பொண்ணு சர்டிபிகேட்டைக் குடுய்யா. நானே போட்டுக்கறேன்."

அலமாரிச் சாவி வைத்திருப்பவர் வெளியே போயிருக்கிறாராம்.

நாத்தனார் நேராக வாசலுக்குப் போனாள். நாலு மணி வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவர்களை ஒவ்வொருவராக மறித்தாள். "நீங்களும் ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டீங்களா? உங்க பிள்ளை பரீட்சை எழுதப்போறதில்லன்னு போட்டிருக்கு. உள்ள போய்க் கேளுங்க."

ஐந்தாவது ஆள் உள்ளே போய்க் கத்தியதும், வெளியே போன சாவி மேனேஜரின் சட்டைப் பையிலேயே கிடைத்துவிட்டது.

தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினோம். மணி நாலு நாற்பது. போட்டோ அளவு சரியில்லை என்று தேர்வு வெப்சைட் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அழுகையெல்லாம் அஞ்சு மணிக்கு மேல வெச்சுக்கோ. அமுக்குடி!" என்று அதட்டினாள் நாத்தனார்.

நாலு ஐம்பத்தாறுக்கு எண் வந்தது.

வீடு வந்து சேரவில்லை, அதற்குள் மேனேஜர் போன். குரலில் தேன் ஒழுகியது. "அப்ளிகேஷன் போட்டுட்டீங்களாமே, சந்தோஷம். பாப்பா பாஸானா நம்ம சென்டர் பேரைச் சொல்லணும்மா."

"பாஸாகற வரைக்கும் எதுக்குய்யா காத்திருக்கணும்?" என்றாள் நாத்தனார். "நாளைக்கு நாலு மணிக்கே உன் வாசல்ல நின்னு சொல்றேன்."