அப்பா மாற்றிய சைலன்சர்

சுரங்கக் கம்பெனிக் குடியிருப்பில், எங்கள் பிளாக்கில் கார் வைத்திருந்த ஒரே தொழிலாளி குடும்பம் எங்களுடையது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி, கூடவே கொண்டுபோகவும் மனமில்லாமல், விற்கவும் ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த கிழட்டு வண்டியை அப்பா வாங்கிக்கொண்டார். சேத்தியாத்தோப்பில் இருக்கும் அம்மாவின் பிறந்த வீட்டுக்கு இனிமேல் பஸ்ஸில் நசுங்காமல் போகலாம் என்பது அவர் சொன்ன காரணம். வாங்கியபின் அங்கே அதில் போனது ஒரே ஒரு தடவை. திரும்பி வந்தது பஸ்ஸில்.

அந்த வண்டியில் ஏறிப் போன ஞாபகத்தைவிட அதைத் தள்ளிய ஞாபகம்தான் எனக்கு அதிகம். காரணம், அதன் சைலன்சர். துருப்பிடித்து அடியில் ஓட்டை விழுந்திருந்தது. அப்பா அதில் தகடு வைத்துப் பற்றவைத்தார். பற்றவைத்த இடம் நன்றாக நின்றது, அதற்குப் பக்கத்தில் புதிதாக ஓட்டை விழுந்தது. பிறகு டப்பாத் தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டினார். இரண்டு தெரு தள்ளி வரும்போதே அது எங்கள் வீட்டு வண்டி என்று எல்லாருக்கும் தெரியும்.

வேறு ஊராக இருந்தால் இது ஒரு வேடிக்கையோடு போயிருக்கும். எங்கள் ஊரில் சத்தம் பெரிய விஷயம். சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் காலையில் வந்து படுத்தால் பிற்பகல்வரை தூங்குவார்கள். அவர்கள் வீட்டு கேட்டில் ஒரு துண்டு தொங்கும். துண்டு தொங்கினால் கீரைக்காரி கூவமாட்டாள், பால்காரர் மணி அடிக்கமாட்டார், நாங்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவோம். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினவரும் கிடையாது. எங்கள் வண்டியைத் தவிர.

அப்பாவுக்கு இரண்டாவது ஷிப்ட் வரும் வாரத்தில் பக்கத்து வீட்டு மாமாவுக்கு நைட் ஷிப்ட் வந்து தொலைக்கும். மாமா கோவில்பட்டிக்காரர், சுரங்கத்தில் மண்ணைச் சுமந்துபோகும் பெல்ட்டைப் பார்க்கிற வேலை. அவர் நல்ல தூக்கத்தில் இருக்கும் மத்தியான நேரத்தில்தான் அப்பா வேலைக்குக் கிளம்புவார். அதனால் சாப்பாட்டு மணி அடித்துப் பள்ளியிலிருந்து ஓடி வரும் நான், அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, அம்மாவோடு சேர்ந்து வண்டியை மெயின் ரோடுவரை தள்ளவேண்டும். அப்பா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார். தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும். அம்மா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். விடியற்காலையில் ஒரு வாரம், நடுப்பகலில் ஒரு வாரம், பாதி ராத்திரியில் ஒரு வாரம் என்று சோறு பொங்கிப் பொங்கி, அவளுக்குச் சலித்துக்கொள்ளக்கூடத் தெம்பு இருக்காது. அப்பாவிடம் எதையாவது சொல்லவேண்டுமென்றால் தோளைத் தொட்டு, அவர் முகம் திரும்பிய பிறகுதான் பேச ஆரம்பிப்பாள். அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

எவ்வளவு தள்ளினாலும் மெயின் ரோட்டில் கிளப்பும் சத்தம் தெருவுக்குள் வராமல் போகுமா? அப்பா லீவில் இருந்த ஒருநாள் சாயங்காலம் மாமா எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இரண்டும் கோவைப்பழம்போல் சிவந்திருந்தன. சண்டைக்கு வந்தவர்போல் தெரியவில்லை, உட்காரச் சொன்னால் அப்படியே தூங்கிவிடுவார்போல் இருந்தார்.

“நேத்து பெல்ட் பக்கத்துல நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டேன் அண்ணாச்சி. சூப்பர்வைசர் வந்து தோளப் பிடிச்சு உலுக்குனாரு. இன்னும் கொஞ்சம் சாஞ்சிருந்தா அம்புட்டுதான்” என்றார்.

அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் முகம் வாடிப்போயிற்று.

“ஒரு வாரம் டைம் குடு தம்பி. புது சைலன்சர் போட்டுடறேன். அப்பவும் சத்தம் வந்துகினு இருந்துச்சின்னா, வண்டியை வந்த வெலைக்குத் தள்ளி வுட்டுடறேன். நீயே நின்னு பாத்து சொல்லு.”

இதைக் கேட்டு மாமாவைவிட அதிகம் சந்தோஷப்பட்டவள் நான். சத்தம் நின்றால் தள்ளவேண்டாம். நிற்காவிட்டால் வண்டியே போய்விடும், அப்போதும் தள்ளவேண்டாம். எப்படிப் பார்த்தாலும் எனக்கு விடுதலை. ஆனால் அப்பாவுக்கு அந்த வண்டி உயிர். சுரங்கத்தில் மலைபோல நிற்கும் மண் வெட்டுகிற மிஷினை ஓட்டுகிறவர் அவர். கீழே இறங்கிய பிறகும் கையில் பிடிக்க ஏதாவது ஒரு வளையம் அவருக்கு வேண்டியிருந்தது.

கம்பெனியில் செய்த புது சைலன்சரைப் பாண்டிச்சேரியிலிருந்து வரவழைக்கவேண்டும். அதன் விலையைக் கேட்டுவிட்டு அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மந்தாரக்குப்பத்தில் புளியமரத்தடியில் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக், கழித்துப் போட்ட லாரி சைலன்சரை வெட்டிச் சின்னதாக்கி எங்கள் வண்டிக்கு ஏற்றபடி செய்து தருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அப்பா போனார். மெக்கானிக் உருளையை வெட்டி, இரண்டு பக்கமும் மூடிபோலத் தகடு வைத்துப் பற்றவைத்து, குழாயைச் செருகி வண்டிக்கு அடியில் மாட்டினார்.

“சார், இது வெறும் கூடுதான். உள்ளார ரெண்டு தடுப்புத் தகடு வச்சாதான் சத்தம் அடங்கும். ஒட்டு எங்கயாவது வுட்டிருக்கான்னு பாக்கறதுக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்றேன், பாருங்க” என்றார்.

வண்டி கிளம்பியது. புளியமரத்திலிருந்த காக்கைகள் மொத்தமாக எழுந்து பறந்தன. எதிர் டீக்கடையில் பாய்லர் பக்கம் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அப்பா குனிந்து, ஒட்டின இடங்களில் புகை வருகிறதா என்று சுற்றிச் சுற்றிக் கையை நீட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் நிறையச் சிரிப்பு.

“போதும்பா. நல்லாதானே இருக்குது. தகடு எதுக்கு வீண் செலவு?”

மெக்கானிக் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நெஜமாவா சார் சொல்றீங்க?”

“போதும்னா போதும். வுடு.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குளியல் சோப்பைக் கத்தியால் இரண்டாக நறுக்கிப் பாதியை எடுத்து வைக்கிற மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காகத் தடுப்புத் தகட்டிலுமா கஞ்சத்தனம்? வழி நெடுக ஜனங்கள் எங்களையே பார்த்தார்கள். அப்பா முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டு, புது மாப்பிள்ளை தோரணையில் ஓட்டி வந்தார்.

தெருவுக்குள் நுழைந்ததும் இரண்டு மூன்று வீட்டுக் கதவுகள் திறந்தன. மாமா லுங்கியோடு வாசலுக்கு ஓடி வந்தார். உள்ளே அவர்கள் வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அம்மா ஈரக்கையோடு வந்து கேட்டருகில் நின்றாள். அப்பா இஞ்சினை அணைக்காமலேயே தலையை வெளியே நீட்டினார்.

“என்ன தம்பி, எப்படி? பூனை மாதிரி இல்ல?”

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த முகத்தில் கள்ளம் இல்லை, ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு இருந்தது. மாமா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவர் வண்டிக்கு முன்பக்கமாகச் சுற்றி வந்து, அப்பாவுக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“நல்லாயிருக்கு அண்ணாச்சி. சத்தமே இல்ல.”

“பொய்!” என்று நான் கத்தினேன். அதற்குள் அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளி, கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பா இஞ்சினை அணைத்து இறங்கி, “நான் சொல்லல?” என்று பொதுவாகத் தெருவைப் பார்த்துச் சொன்னார்.

சாயங்காலம் கொல்லைப்பக்க வேலியில் அம்மாவும் மாமாவும் தணிந்த குரலில் பேசியதை, கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த நான் கேட்டேன்.

“எத்தனை நாளா மதினி இப்படி?”

“ரெண்டு வருசமா தம்பி. வரவர மோசமாயிகினு இருக்குது. போன வருச மெடிக்கல்ல எப்படியோ சமாளிச்சிட்டாரு, இந்தவாட்டி தெரிஞ்சிதுன்னா மிஷினை வுட்டு எறக்கி எங்கனா ஒரு மூலையில ஒக்கார வச்சிடுவாங்க. அப்பறம் அந்த மனுசனை வூட்ல வச்சிகினு நான் என்னா பண்ணுவேன்? யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

“நான் ஏன் சொல்லப்போறேன்? நீங்க போய் வேலையப் பாருங்க மதினி.”

மிஷினில் ஏறுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கண், காது, நெஞ்சு எல்லாம் சோதித்துப் பார்ப்பார்கள், காது மந்தமென்றால் இறக்கிவிடுவார்கள், அதற்குப் பெயர்தான் மெடிக்கல் என்பது எனக்கு அப்போது தெரியாது. பெரியவர்கள் பேசுவதில் பாதி புரியாது, மீதி நமக்குத் தேவையில்லாதது என்ற கணக்கில் நான் துணியை மடிக்கப் போய்விட்டேன்.

சத்தமே இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பை யாராவது காப்பாற்றவேண்டுமே. தெருவில் வேறு வீட்டு கேட்களிலும் துண்டு தொங்கியது, அவர்களில் ஒருவர் அப்பாவிடம் வாயைத் திறந்துவிட்டால் போயிற்று. ஆள் பற்றாக்குறையால் அந்த மாதம் யாருக்கும் ஷிப்ட் மாறவில்லை. மறுநாள் மத்தியானம் அப்பா சாவியோடு கிளம்பியபோது மாமா தூக்கம் கலைந்த முகத்தோடு வந்து நின்று, பேட்டரி வீக்காக இருக்கிறது, தள்ளிக்கொண்டு போய் மெயின் ரோட்டில் கிளப்பினால்தான் தாங்கும் என்று அவருக்கு நேராக நின்று விளக்கினார். அப்பா நம்பினார். அந்த வாரம் முழுக்க அம்மா, நான், மாமா மூன்று பேரும் தள்ளினோம். தூக்கம் கெடுகிறது என்று முறையிட வந்தவர், தூக்கத்தை விட்டு எழுந்து வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு இந்தப் பெரியவர்கள்மேல் இருந்த கொஞ்ச நஞ்ச மதிப்பும் அந்த வாரத்தோடு போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கும் லீவு, மாமாவுக்கும் லீவு. அன்று மாமா, வீட்டுக்குக் கொஞ்சம் சாமான் வாங்கவேண்டும் என்று சொல்லி வண்டியைக் கேட்டு வாங்கினார். துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். வண்டி நேராக மந்தாரக்குப்பம் புளியமரத்தடியில் போய் நின்றது.

“அன்னிக்கே சொன்னேன் சார். அவருதான் போதும் போதும்னுட்டாரு” என்றார் மெக்கானிக்.

“அவரு அப்படித்தான் சொல்லுவாரு. நீ தகட்ட வச்சு அடி.”

உருளையைக் கழற்றி, வாயைத் திறந்து, தடுப்புகளை வைத்து மறுபடி மூடுவதற்குள் பகல் சாய்ந்துவிட்டது. மாமா கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கொட்டகை அதிரக் குறட்டை விட்டார். திரும்பி வரும்போது வண்டியில் சக்கரம் உருளும் சத்தம்கூடக் கேட்டது. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. வாசலில் நின்றிருந்த அம்மா, வண்டி கிட்டே வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமாவுக்குக் காபி கொண்டுவரப் போனாள்.

மறுநாள் முதல் வண்டியை வாசலிலேயே கிளப்பலாம், பேட்டரி சரியாகிவிட்டது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போவதாகச் சொல்லி அப்பா ஏற்றிக்கொண்டார். நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி அத்தனை அமைதியாகப் போயிற்று. இப்போதாவது அப்பா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். என்ன இது, இவ்வளவு மாற்றம், யார் செய்தது என்று கேட்கவேண்டாமா? மாமா வீட்டுக்குப் போய் ஒரு நன்றி சொல்லவேண்டாமா? அவர் வழக்கம்போல முழங்கையை ஊன்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார். தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறார், காசு கேட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறார் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அப்பா, நீங்க போட்டது நல்லாவே இல்ல. பயங்கர சத்தம். நேத்து மாமாதான் தகடு வச்சி சரி பண்ணினாரு. எல்லாரும் உங்ககிட்ட பொய் சொன்னாங்க” என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

அப்பா திரும்பவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் சரிசெய்தார். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார்.

உண்மையைச் சொன்னால் இப்படித்தான், கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிடுவார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனிமேல் அப்பாவோடு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று சபதம் செய்துகொண்டேன். அதை அந்த வாரம் முழுக்கக் கடைப்பிடித்தேன். அவர் கூப்பிட்டால் போய் நின்றேன், சொன்னதைச் செய்தேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று அவர் கேட்பார், கேட்டவுடன் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று தினமும் காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை.