கண் உயரம்

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பட்டாசு. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்ததற்குக் காரணம், உள்ளுக்குள் அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை. அவள் வகுப்புக்குள் காலை வைத்தால் ஈ பறக்கிற சத்தம் கேட்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கூட, "வாயை மூடுறீங்களா, இல்லை பட்டாசைக் கூப்பிடவா?" என்றுதான் தன் பிள்ளைகளை மிரட்டுவார்.

அந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. அவள் படித்த காலத்தில், சைன், காஸ், டேன் என்று கரும்பலகை நிறைய எழுதிப்போட்ட வாத்தியாரிடம், "இதை வெச்சு என்ன சார் பண்றது?" என்று கேட்டுவிட்டாள். "பரீட்சை எழுது" என்றார் அவர். கேட்ட குற்றத்துக்கு வெயிலில் நிற்க வைத்தார். எதிரே கொடிக்கம்பம், தரையில் அதன் நிழல். புத்தகத்தில் இருந்த அதே முக்கோணம் அவள் கண்ணெதிரே கிடந்தது. அந்த மனுஷன் ஜன்னல் வழியாக ஒரு தடவை கையை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். காட்டவில்லையே! அந்த வயிற்றெரிச்சல் இன்றுவரை அவளுக்கு ஆறவில்லை.

அதனால்தான் அவள் பாடத்தை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். சுவரில் சாய்த்த ஏணி, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, எதையும் விடமாட்டாள். "கோணத்துக்கு எதிர்ல நிக்கிறது எதிர்ப்பக்கம். தரையில கிடக்கிறது அடுத்துள்ள பக்கம். அதை இதால வகுத்தா டேன். இதுல என்ன மந்திரமா இருக்கு?" என்பாள். ஒரு பாகைமானியில் பழைய பேனாக் குழாயை ஒட்டி, நடுவில் நூல் கட்டி, நூல் முனையில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டால் அவளுடைய கருவி தயார். குழாய் வழியாக உச்சியைப் பார்த்தால், நூல் கோணத்தைச் சொல்லிவிடும்.

எந்தக் கணக்கானாலும் கடைசியில் ஒரு கூச்சல் உண்டு. "கண்ணு எங்க இருக்கு? தரையிலயா இருக்கு?" என்று கத்துவாள். குழாயைக் கண்ணில் வைத்துத்தானே பார்க்கிறோம். அப்படியானால் டேன் சொல்லும் உயரம் கண்ணுக்கு மேலே இருப்பது மட்டும்தான். பார்ப்பவரின் கண் உயரத்தை அதோடு கூட்டினால்தான் முழு உயரம் வரும். கூட்ட மறந்த பிள்ளை அன்றைக்குச் செத்தது. "உன் உயரத்தை யாருடா கூட்டுவா, உங்க தாத்தாவா?" என்று அவள் ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டாள்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் தையல்காரர், அவள் பேச ஆரம்பித்தால் மெஷினை வேகமாக மிதிப்பார். விடுதியில் தங்கிப் படிக்கிற மகள், காய்ச்சலில் மூன்று நாள் கிடந்ததை அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று அவள் எகிறியபோது, தையல்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "இதுக்குத்தான்" என்றார். அதற்கும் அவள் கத்தினாள்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு மரம் பட்டுப்போய் நின்றது. ஒரு பக்கம் தெருவும் மின்கம்பியும் இருந்ததால் அதைப் பள்ளிக்கூடப் பக்கமாகத்தான் சாய்க்க முடியும். அந்தப் பக்கத்தில் நேரே இருந்தது ஒன்றாம் வகுப்பு அறை. மரம் வெட்டுகிறவர் அண்ணாந்து ஒரு தடவை பார்த்தார். "எட்டாதுங்க" என்றார். அவ்வளவுதான், தலைமையாசிரியருக்கு அது போதுமாக இருந்தது.

"சார், வெட்டுற அன்னைக்குச் சின்னப் பிள்ளைங்களை ஹாலுக்கு மாத்துங்க" என்றாள் பட்டாசு.

"ஹால்ல கண்காட்சிக்கு எல்லாம் அடுக்கி வெச்சிருக்கு டீச்சர். அதிகாரி வர்றார். கலைக்க முடியாது."

"அட்டையில செஞ்ச பொம்மை கலையக் கூடாது, பிள்ளைங்க தலையில மரம் விழலாமா?"

"எட்டாதுன்னு வெட்டுறவரே சொல்லிட்டாரே. நீங்கதான் பெரிய கணக்கு டீச்சராச்சே! எட்டும்னு கணக்குப் போட்டுக் காட்டுங்க, ஹாலைத் திறந்து விடறேன்."

அவர் சிரித்த சிரிப்பு அவளுக்கு உச்சந்தலையில் ஏறியது.

மறுநாள் மொத்த வகுப்பையும் மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். கருவியைப் பிடிப்பதற்கு நெட்டையைக் கூப்பிட்டாள். வகுப்பிலேயே உயரமான பெண் அவள். கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு, கேட்டாலொழிய வாயைத் திறக்கமாட்டாள். நூல் நாற்பத்தைந்து பாகையில் நிற்கும்வரை நெட்டை பின்னால் நகர்ந்து போனாள். நாற்பத்தைந்துக்கு டேன் ஒன்று. அதாவது, மரத்துக்கும் அவளுக்கும் உள்ள தூரமும் எதிர்ப்பக்கமும் சமம். டேப்பைப் பிடித்து அளந்தார்கள். பதினான்கு மீட்டர். மரத்திலிருந்து ஒன்றாம் வகுப்புச் சுவர் பதினைந்து மீட்டர்.

வகுப்புக்குத் திரும்பி அவள் பலகையில் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் தலைமையாசிரியர் தலை நீண்டது. "என்ன டீச்சர், பிக்னிக் நல்லா இருந்துச்சா? பாடத்தை நாலு சுவத்துக்குள்ள நடத்தினா என்ன குறைஞ்சிடும்?" என்றார்.

எந்த வாத்தியார் அவளை வெயிலில் நிற்க வைத்தாரோ, அவரே வந்து வாசலில் நிற்பது மாதிரி இருந்தது. வெளியே போய் அவள் பேசிய பேச்சில் தாழ்வாரமே அதிர்ந்தது. அதே வேகத்தில் திரும்பி வந்தாள். பலகையில் பதினான்கின் கீழே சாக்பீஸ் உடைகிற மாதிரி இரண்டு கோடு போட்டாள். உயரம், பதினான்கு. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு கை பாதி எழும்பியது.

"கையை இறக்கு! இன்னைக்கு யாராவது வாயைத் திறந்தீங்க, தொலைஞ்சீங்க!"

கை இறங்கியது.

தலைமையாசிரியரின் கேலியைவிட அவளைச் சுட்டது அடுத்து நடந்ததுதான். கணக்கு எட்டாது என்கிறது. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நேரே போய், "எட்டாது சார்" என்றாள். "நான்தான் சொன்னேனே" என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். ஹால் பூட்டியே கிடந்தது. அன்று இரவு தையல்காரர் இரண்டு சட்டை கூடுதலாகத் தைத்தார்.

மரம் வெட்டுகிற நாள் வந்தது. ரம்பத்தின் இரைச்சல் காதைக் கிழித்தது. பட்டாசு வகுப்புக்குள் நுழைந்தாள், கடைசி பெஞ்சில் நெட்டை இல்லை.

"எங்கே அவ?"

பிள்ளைகளின் பார்வை ஜன்னல் பக்கம் ஓடியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நெட்டை. அவர்களுடைய டீச்சர் கடைசிப் பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். பட்டாசுக்கு வந்ததே கோபம்! படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள்.

"ஏய்! யாரைக் கேட்டுடி வகுப்பை விட்டு வந்தே? யாரு சொல்லி இவங்களை வெளிய கூட்டிட்டு வந்தே?"

நெட்டைக்கு முகமெல்லாம் வெளிறிவிட்டது. "நீங்க சொன்னீங்கன்னு சொன்னேன் டீச்சர்."

"நானா? என் பேரைச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கே?"

"உங்க பேரைச் சொன்னாத்தான் ஒண்ணும் கேக்காம அனுப்புவாங்க டீச்சர்." அந்தப் பெண் வரிசையை இன்னும் தள்ளிப் போகச் சொல்லிக் கை காட்டினாள். "நீங்க என் கண் உயரத்தைக் கூட்டலை."

பலகையில் போட்ட எண் பட்டாசின் கண்முன் வந்து நின்றது. பதினான்கு. நெட்டையின் கண் ஒன்றரை மீட்டரில் இருக்கிறது. பதினைந்தரை. அவளுடைய கணக்கு, அவளே இருபது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்திய அந்தக் கடைசிக் கூட்டல்!

உள்ளே இன்னும் இரண்டு பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தன. அவள் ஓடினாள். ஆளுக்கொரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த டீச்சரையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தபோது, பின்னால் மரம் முறிகிற சத்தம் கேட்டது. உச்சிக்கிளை ஜன்னலை உடைத்துக்கொண்டு, அதன் ஓரமாகப் பிள்ளைகள் உட்காரும் பலகைகள்மேல் வந்து இறங்கியது. கண்ணாடித் தூள் தாழ்வாரம்வரை சிதறியது. ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

தலைமையாசிரியர் ஓடி வந்து, "நீங்கதானே டீச்சர் எட்டாதுன்னு..." என்று ஆரம்பித்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெட்டையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அன்னைக்கே தெரியும்ல? தெரிஞ்சும் ஏன்டி சொல்லலை? ஏன் சொல்லலை?"

"கையைத் தூக்கினேன் டீச்சர்" என்றாள் நெட்டை. "அப்புறம் தினமும் சொல்லிடலாம்னு வருவேன். உங்க மூஞ்சியைப் பாத்தா பயமா இருக்கும்."

பட்டாசின் கை தானாகக் கீழே இறங்கியது. மரத்தைவிட, தலைமையாசிரியரைவிட, அந்தப் பழைய வாத்தியாரைவிடவும் அவளுக்கு அப்போது தன்மேல்தான் கோபம் பற்றி எரிந்தது. அதைக் கத்தித் தீர்க்க வழியில்லை.

மறுநாள் வகுப்பில், "இனிமே நான் தப்புப் பண்ணினா வாயைத் திறந்து சொல்லணும், புரியுதா?" என்றாள். சாதாரணமாகச் சொல்லத்தான் நினைத்தாள். அது கத்தலாகவே வந்து தொலைந்தது.

"புரியுது டீச்சர்."

வேண்டுமென்றே ஒரு கணக்கைப் போட்டாள். தண்ணீர்த் தொட்டி, நாற்பத்தைந்து பாகை, தூரம் பத்து மீட்டர். கண் உயரத்தைக் கூட்டாமல், உயரம் பத்து என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள். திரும்பி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சொல்லுங்களேன், யாராவது ஒருத்தர் சொல்லித் தொலையுங்களேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"சரியா?" என்றாள்.

மொத்த வகுப்பும் ஒரே குரலில், "சரி டீச்சர்" என்றது. நெட்டையும்தான்.